போஜன் வண்டிக் கண்ணாடி

வாங்க சார், உக்காருங்க. கதவ மட்டும் மெதுவாச் சாத்துங்க, அதிர்ந்தா மேல இருந்து கொட்டும்.

ஆங், கொட்டிருச்சா? மழை இல்ல சார், பனி. கூரைக்கு உள்பக்கம் உறைஞ்சு நிக்குது, லேசா சூடு பட்டா இளகிச் சொட்டும். இந்தாங்க துண்டு, தலையத் தொடைச்சுக்குங்க. துண்டும் ஈரந்தான், ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. முள்ள முள்ளாலதான எடுக்கணும், அது மாதிரி ஈரத்த ஈரத்தாலதான் எடுக்கணும்.

பத்து நிமிஷம் பொறுங்க. பத்தே நிமிஷம். கோயமுத்தூர்ல உங்களுக்குப் பதினொண்ணரைக்குத்தான ரயிலு? மணி இப்ப ஆறேகாலு. தாராளமாப் போயிரலாம். கண்ணாடி தெளியாம எடுத்தா இந்த ஊட்டி மலையில முதல் கொண்டை ஊசி வளைவுலயே நாம ரெண்டு பேரும் நேரா மோட்சத்துக்குத்தான் போவோம்.

வெளிப்பக்கப் பனி ஒரு விஷயமே இல்ல சார். பழைய பேங்கு கார்டு ஒண்ணு வச்சிருக்கேன், அத வச்சுச் சுரண்டினா அரிசி மாவு மாதிரி உதிர்ந்துரும். இந்த உள்பக்கம் இருக்கு பாருங்க, அதுதான் சனியன். தொடைச்சுக்கிட்டே இருக்கணும். தொடைச்சு முடிச்சு ‘அப்பாடா’ன்னு ஒரு மூச்சு விட்டா மறுபடியும் மூடிக்கும்.

ஐயோ, ஜன்னல இறக்காதீங்க சார், குளிரு உள்ள வந்திரும். நான் ஒரு துளி காத்து நுழையாம ரப்பர் வச்சு அடைச்சு வச்சிருக்கேன். வாசனையா? அது டிக்கில கேரட்டு. மச்சினன் தோட்டத்துது, இப்பத்தான் கழுவி மூட்டை போட்டான். உங்க காலுக்குக் கீழ கிடக்கிற சாக்கும் அவன் கொடுத்ததுதான். ஈரத்த உறிஞ்சும்னு போட்டேன். மூணு வருஷமா உறிஞ்சிக்கிட்டே இருக்கு.

சரி, இப்ப அங்க பாருங்க. டீக்கடைக்குப் பக்கத்துல, நீல வண்டி. தெரியுதா? கண்ணாடியப் பாருங்க. கண்ணாடி இருக்கிறதே தெரியல இல்ல? ஸ்டியரிங்குக்குப் பின்னால அவன் மாட்டி வச்சிருக்கிற சாமி படம் வரைக்கும் தெரியுது. அதுதான் போஜன் வண்டி. நேத்து ராத்திரி அவன் வண்டியும் இதே பனியிலதான் நின்னுச்சு. என் வண்டிக்கு எட்டடி தள்ளி. ஒரே வானம், ஒரே பனி. அவன் வந்தான், சாவியத் திருகினான், வைப்பர் ரெண்டு ஆட்டு ஆட்டினான், முடிஞ்சுது. இப்ப டீ குடிச்சிட்டு நிக்கிறான், சீலையப் போத்திக்கிட்டு. படகர் ஆளுங்க வெள்ளைச் சீலை போத்துவாங்கல்ல, அதுகூட அவனுக்கு அழுக்காகாது.

நீங்க அவன் வண்டியவே பாக்கிறீங்க. அதுல ஏறியிருக்கலாமேன்னு தோணுதா? தோணும் சார். எல்லாருக்கும் தோணுது. பதினோரு வருஷமா என் வண்டியில வந்த ஆஸ்பத்திரி நர்சுங்க நாலு பேரும் மூணு வருஷத்துக்கு முன்னால அவன் வண்டிக்குப் போயிட்டாங்க. ‘அருளப்பன் அண்ணா, யூனிபார்ம் நனையுது’ன்னாங்க. நனைஞ்சா காயாதா? உப்பா சர்க்கரையா, கரைஞ்சா போயிருவாங்க?

பொறாமைன்னு நெனைக்காதீங்க. எனக்கு எதுக்குப் பொறாமை? ஸ்டாண்டுல நான் அவனுக்கு சீனியர். அவன் கியர் போடக் கத்துக்கிட்டதே என் பழைய வண்டியில. வயித்தெரிச்சல்னு வேணா சொல்லுங்க. ஒத்துக்கிறேன். அது வேற, பொறாமை வேற.

எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன் சார். ஒண்ணத்தான் பொறுக்க முடியல.

எனக்கு ஒரே மக. ஜெனோவான்னு பேரு. குன்னூர்ல ரத்தம் பரிசோதிக்கிற லேப்ல வேலை பாத்தா. காலையில நான் இந்த மாதிரி கீழ இறங்குற சவாரிக்கு வந்திருவேன், அதனால அவ அந்த நர்சுங்களோட சேர்ந்து போஜன் வண்டியிலதான் போவா. சரி, போகட்டும். அவனை ‘போஜன் மாமா, போஜன் மாமா’ம்பா. என்ன மாமா? பொண்ணு கொடுத்தோமா, எடுத்தோமா? நாங்க வேதக்காரங்க, அவங்க வேற. சரி, அதையும் விட்டேன். போன வருஷம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. மாப்பிள்ளை ஒசூரு. தை மாசம், காலையில ஒன்பது மணிக்குப் பூசை. தை மாசம் எங்க வீடு இருக்கிற காந்தல்ல எப்படி இருக்கும்? புல்லெல்லாம் வெள்ளையா, கண்ணாடித் தூளு கொட்டின மாதிரி இருக்கும்.

இந்த ஊர்ல எத்தனை பொண்ணுங்கள நான் கோயிலுக்குக் கூட்டிப் போயிருக்கேன் தெரியுமா? இருபத்திரண்டு வருஷம். இந்த பானெட்டு மேல எத்தனை மாலை வாடியிருக்கு. என் மக போற அன்னைக்கு எந்தப் பூவ எங்க கட்டணும்னு அவ ஞானஸ்நானம் வாங்கின அன்னைக்கே முடிவு பண்ணி வச்சவன் நான்.

அவ வந்து நிக்கிறா. புடவையெல்லாம் எடுத்தாச்சு, வெள்ளைப் பட்டு. ‘அப்பா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது’ன்னா. சொல்லும்மான்னேன். ‘கோயிலுக்குப் போஜன் மாமா வண்டியில போறேம்பா. உங்க வண்டியில சொட்டுது.’

அவ்வளவுதான் சொன்னா. ‘சொட்டுது.’

நான் எந்திரிச்சுப் போய் வண்டிக்குள்ள உக்காந்தேன். அப்பவும் சொட்டுச்சு.

அப்புறம் சும்மா இருப்பேனா? கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் இருந்துச்சு. பாக்காத வைத்தியம் இல்ல. ஷாம்பு தடவினேன். உருளைக்கிழங்க வெட்டித் தேய்ச்சேன், பீடித் தூளத் தேய்ச்சேன். நாலு நாளு வண்டி முழுக்க பீடி நாத்தம், சவாரிக்கு வந்த ஒரு அம்மா மயக்கம் போட்டுருச்சு. கரி அடுப்பு வச்சா மூச்சு முட்டிச் செத்துருவோம்னு எல்லாருக்கும் தெரியும், அதனால நான் மூளையா ஒண்ணு செஞ்சேன். பெரிய அண்டா நிறைய கொதிக்கிற தண்ணி. அத சாயங்காலமே பின் சீட்டுல ஏத்தி, மூடாம வச்சு, எல்லாக் கதவையும் இறுக்கிச் சாத்திட்டேன். வண்டி விடிய விடிய கதகதன்னு இருக்கும்ல? மறுநாள் காலையில திறக்கிறேன், கூரையில இருந்து விரல் நீளத்துக்குப் பனி தொங்குது சார். சர்ச்சுல தொங்குமே சர விளக்கு, அந்த மாதிரி. அண்டாத் தண்ணி எங்க போச்சுன்னே தெரியல, பாதி காணோம்.

எம் பொண்டாட்டி லூர்து பாத்துட்டு என்ன சொன்னா தெரியுமா? ‘நீங்க கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு ஜன்னலத் திறந்து வைங்க, பனி தானாப் போயிரும். நீங்க விடுற மூச்செல்லாம்தான் கண்ணாடியில நிக்குது’ன்னா. கேட்டீங்களா பேச்ச? பேசுறதுக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம்? ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்னு வேற ஒரு பழமொழி. அவ ஆடி நான் பாத்ததில்ல.

அப்பத்தான் எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. போஜன் ஏதோ பண்றான். பண்ணாம எப்படி? நாங்க ரெண்டு பேரும் ஒரே பங்க்குல டீசல் போடுறோம், ஒரே ஆள்கிட்ட சர்வீஸ். அவன் வண்டியில மட்டும் எப்படி பனி உக்கார மாட்டேங்குது? ‘என்னப்பா ரகசியம்?’னு ஒரு நாளு சிரிச்ச மாதிரி கேட்டேன். ‘ஒண்ணுமில்ல அருளு, பாப்பாவோட புண்ணியம்’னான். அவனுக்கு ரெண்டும் ஆம்பளைப் புள்ளைங்க. எந்தப் பாப்பான்னு நான் கேக்கல. ஏதோ அவங்க ஊரு அம்மன சொல்றான்னு விட்டுட்டேன்.

ஒரு நாளு லாரி ஒண்ணு திரும்ப இடம் பத்தல. போஜன் டீக்கடைக்குள்ள இருந்தான். ‘அருளு, சாவி வண்டியிலதான் இருக்கு, கொஞ்சம் முன்னால தள்ளி விடு’ன்னு கத்தினான். ஏறி உக்காந்தேன். என்னா வண்டிங்கிறீங்க! சீட்டு மொறுமொறுன்னு காஞ்சு கிடக்கு. தொட்டுத் தொட்டுப் பாத்தேன். சீட்ட இழுத்துப் போட கீழ கைய விட்டா, என்னமோ மெத்துன்னு தட்டுப்படுது. இழுத்தா, காக்கித் துணியில ஒரு முடிச்சு. ஒரு கை அளவு. அடியில நசநசன்னு கசியுது. விரல நாக்குல வச்சுப் பாத்தேன்.

உப்பு சார். கல்லுப்பு.

உப்பு எதுக்கு வைப்பாங்க? நீங்களே சொல்லுங்க, உங்க வீட்டுல எதுக்குச் சுத்திப் போடுவாங்க? திருஷ்டிக்கு! கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு உப்பு வச்சிருக்கான். யாரு கண்ணுக்கு? ஸ்டாண்டுல அவன் வண்டிக்கு எட்டடி தள்ளி நிக்கிறது யாரு வண்டி? கியர் போடச் சொல்லிக் கொடுத்த என் கண்ணுக்கு உப்பு வச்சிருக்கான் சார். அதுவும் கரைஞ்சு வழியுது! கண்ணு பட்டாத்தான உப்பு கரையும்? அப்ப என் கண்ணு அவ்வளவு பொல்லாத கண்ணா?

உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு, உள்ளுக்குள்ள கொஞ்சம் பெருமையாவும் இருந்துச்சு. ஒரு முடிச்சு உப்பையே கரைச்சிருக்கேன்ல. ஆனா வலிச்சுது. முடிச்ச இருந்த இடத்துல வச்சிட்டு, வண்டியத் தள்ளிட்டு, டீ குடிக்காம வீட்டுக்கு வந்துட்டேன்.

வீட்டுல சொன்னேன். ‘அந்தப் போஜன் என் கண்ணுக்கு உப்பு கட்டி வச்சிருக்கான், அவன் வண்டியிலதான் உன் மக கல்யாணத்துக்குப் போகப்போறா’ன்னு கத்தினேன். லூர்து மகளப் பாத்தா. மக லூர்தப் பாத்தா. ரெண்டு பேரும் அடுப்படிக்குப் போயிட்டாங்க. உள்ள சிரிக்கிற சத்தம். நான் அழுகைன்னு நெனச்சேன்.

கல்யாணத்துக்கு நாலு நாளு இருக்கும்போது மனசு கேக்காம இன்னொரு தடவை பாத்தேன். போஜன் வண்டியப் பூட்டவே மாட்டான், அதுவும் ஒரு திமிரு. முடிச்ச வெளிச்சத்துல வச்சு நல்லாப் பாக்கிறேன், அது வெறும் துணி இல்ல, சட்டைப் பாக்கெட்டு. மூடி வச்ச பாக்கெட்டு. மூடியில ஒரு பட்டன். பட்டன் பச்ச நூல்ல தச்சிருக்கு.

காக்கிச் சட்டைக்கு யாரு பச்ச நூல்ல பட்டன் தைப்பா? லூர்து தைப்பா. காக்கி நூலு தீந்துபோச்சுன்னு என் பழைய சட்டைக்குத் தச்சா. அது என் சட்டை சார்! ஸ்டாண்டே அந்தப் பச்ச நூலப் பாத்துச் சிரிச்சுது, எனக்குத் தெரியாதா?

இப்ப புரியுதா உங்களுக்கு? நான் திருஷ்டின்னு நெனச்சது தப்பு. இது அதுக்கு மேல. என் சட்டைத் துணி, அதுல உப்பு, அத சீட்டுக்கு அடியில போட்டு தினமும் மேல உக்காந்துக்கிறான். செய்வினை சார், செய்வினை! என் வண்டியில பனி ஏறுறதுக்கும் அவன் வண்டியில இறங்குறதுக்கும் காரணம் அதுதான். நாங்க வேதக்காரங்க, இதையெல்லாம் நம்பக்கூடாது. நம்பல. ஆனாலும் ஓடுற தண்ணியிலதான் போடணும்னு சொல்லுவாங்க. கீழ ஓடைக்குப் போய்ப் போட்டேன். உப்பு அப்படியே கரைஞ்சு போச்சு. பாக்கெட்டு கொஞ்ச தூரம் மிதந்து போச்சு.

இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. கோயில்ல சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துலகூட ‘பிறர் பொருளை எடுத்தேன்’னு சொன்னேனே தவிர உப்புன்னு சொல்லல. நீங்க ஊருக்குப் போறவரு, அதனால சொல்றேன்.

கல்யாண நாளு வந்துச்சு. முந்தின மூணு நாளும் விடாத சாரல், அன்னைக்கு விடியக்காலம் பாத்து உறைபனி. போஜன் ஏழரை மணிக்கு வாசல்ல வந்து நிக்கிறான். மாலையெல்லாம் கட்டி ஜம்முன்னு இருக்கு வண்டி. ஆனா கண்ணாடி? மூடிக்கிச்சு! உள்ள வெள்ளை வெளேர்னு. சீலையோட முந்தியால தொடைச்சுத் தொடைச்சு அவன் கை செவந்து கிடக்கு. இருபத்திரண்டு வருஷத்துல எனக்கு அந்த மாதிரி ஒரு சந்தோசம் வந்ததில்ல சார். மக கல்யாணமே மறந்து போச்சு.

ஜெனோவா பட்டுப்புடவையோட வாசலுக்கு வந்தா. வண்டியப் பாத்தா. ‘மாமா, உப்பு முடிச்சு எங்க?’ன்னு கேட்டா.

எனக்கு ஒண்ணும் புரியல.

‘நாலு நாளா காணோம் பாப்பா. குரங்கு தூக்கிட்டுப் போயிருக்கும். நீ கல்யாண வேலையில இருக்க, எப்படிக் கேக்கிறதுன்னு விட்டுட்டேன்’ங்கிறான் அவன்.

பாப்பாவாம். பாப்பாவோட புண்ணியமாம்.

அவ என் பக்கம் திரும்பி ரொம்ப சாதாரணமாச் சொன்னா. ‘கல்லுப்பு ஈரத்த இழுக்கும்பா. உங்க பழைய சட்டையில ரெண்டு பாக்கெட் இருந்துச்சு. முதல் பாக்கெட்ல உப்பு போட்டுத் தச்சு உங்க வண்டியிலதான் வச்சேன். ஒரே நாள்ல காணோம். கேட்டா கத்துவீங்கன்னு கேக்கல. ரெண்டாவது பாக்கெட்ட மாமாவுக்குக் கொடுத்தேன். அவரு வாரா வாரம் அடுப்பு மேல காய வச்சுத் திரும்ப வச்சுக்குவாரு.’

முதல் பாக்கெட்டு. ஆமா சார். அதுக்கு முந்தின வருஷம் கார்த்திகையில என் சீட்டுக்கு அடியிலயும் ஒரு துணிப் பொட்டலம் கிடந்துச்சு. டூரிஸ்டுங்க எதையாவது விட்டுட்டுப் போவாங்கள்ல, அந்த மாதிரின்னு நெனச்சு, என்னன்னுகூடப் பாக்காம கோத்தகிரி ரோட்டுல தூக்கி எறிஞ்சுட்டேன். அது என் மக எனக்குத் தச்சது. ரெண்டாவதையும் நானே தண்ணியில விட்டேன்.

அவ என் கையப் பாத்தா. நான்தான் எடுத்தேன்னு கண்டுபிடிச்சிட்டாளோ என்னவோ. அப்புறம் போஜனப் பாத்துச் சிரிச்சா. ‘சரி மாமா, ரெண்டு வண்டியும் சொட்டுதுன்னா, அப்பா வண்டியிலயே சொட்டட்டும்’னா.

போஜன் மாலையெல்லாம் அவுத்து என் வண்டியில கட்டினான். அவன் சீலைய எடுத்து, காஞ்ச பக்கமா மடிச்சு, அவ தலையில இருந்து தோளு வரைக்கும் போத்தி விட்டான், சொட்டினா பட்டுல படக்கூடாதுன்னு. என் மக கல்யாணத்துக்கு அவன் சீலை. எனக்குத் தோணல பாருங்க. என் வீட்டுலயும் சால்வை இருந்துச்சு.

வண்டிய எடுத்தேன். அவ பக்கத்து ஜன்னல முழுசா இறக்கி விட்டா. ‘குளிரும் தாயி’ன்னு சொல்ல வாயத் திறந்தேன், வரல. ‘நான்தான் எடுத்தேன்’னு சொல்லிரலாம்னு பாத்தேன், அதுவும் வரல. காந்தல்ல இருந்து கோயில் வரைக்கும் ஒரு சொல்லு பேசல சார். என் ஆயுசுலயே நான் வாய் திறக்காம வண்டி ஓட்டினது அந்த ஒரு தடவைதான்.

அதுல ஒரு அதிசயம் கேளுங்க. அன்னைக்குக் கண்ணாடி மூடவே இல்ல! பளிச்சுன்னு இருந்துச்சு. ஒரு சொட்டு விழல. மாதா கிருபைன்னு நெனச்சேன். வேற என்ன காரணம் இருக்க முடியும்? லூர்துகிட்ட சொன்னேன், அவ முகத்தத் திருப்பிக்கிட்டா.

ஒசூருக்குப் போயிட்டா சார். இந்தக் கிறிஸ்மசுக்கு வந்தா. வரும்போதே ரெண்டு முடிச்சு தச்சு எடுத்துட்டு வந்தா, ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவனுக்கு. ரெண்டையும் கையில வச்சு எடை பாத்தேன். என்னோடதுதான் கொஞ்சம் கனம். நல்லாப் பாத்தேன், என்னோடதுதான். பச்ச நூல்ல தச்சிருக்கா, வேணும்னே. அவனுக்கு வெள்ளை நூலு.

அந்த முடிச்சு எங்க இருக்குன்னு கேக்கிறீங்களா? வண்டியில ஏன் இல்லையா? என்ன சார் நீங்க, படிச்சவரு, இப்படிக் கேக்கிறீங்க. வண்டியில வச்சா கரைஞ்சு போயிராதா? எம் பொண்ணு அவ கையால தச்சது. மூணு பிளாஸ்டிக் கவரு போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, பீரோவுல லூர்து கல்யாணப் புடவைக்கு அடியில வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எடுத்துப் பாப்பேன். போஜனோடது இப்பவே பாதியாயிருச்சு, அடுப்புல காய வச்சுக் காய வச்சு. என்னோடது ஒரு கல்லு குறையல.

தலைய இந்தப் பக்கம் சாய்ச்சுக்குங்க சார், அங்க சொட்டுது.